தரங்கம்பாடி முதல் தாம்பரம் வரை: பிறர் பொருளில் பிள்ளைகள் பெற்ற கல்வி

ஒரு சமுதாயம் தன் கல்வி வரலாற்றை எழுதப் புகும்போது, பள்ளிகளின் பெயர்களையும் பட்டம் பெற்றோரின் எண்ணிக்கையையும் மட்டும் தொகுத்தால் போதாது. அக்கல்விக்குச் சம்பளம் கட்டியவர் யார், உணவிட்டவர் யார், உடை கொடுத்தவர் யார், அவற்றுக்கு ஈடாக எதை எதிர்பார்த்தனர் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் வறுமையில் வாடிய பிள்ளைகளையும் கிறிஸ்தவ மிஷன்கள் பிறர் பொருளுதவியால் படிக்கவைத்த வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வது பொருத்தமென எண்ணுகிறோம். இவ்வரலாறு தமிழ்நாட்டோடு முடிவதன்று. ஆப்பிரிக்காவோடும் பின்னிப் பிணைந்தது. நம் அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த 'மதராஸ் கைக்குட்டை'த் துணி கடல் கடந்து நைஜீரியா சென்று, அங்குள்ள மக்களின் சடங்குகளில் மதிப்புக்குரிய ஆடையாக விளங்கியதை ஊர்ப் பெரியோர் அறிவர். துணி சென்ற அதே கடல்வழியில் கல்விமுறைகளும் மனிதர்களும் சென்றதையும் வந்ததையும் இளைஞர்கள் அறிதல் நன்று.

எம்மதத்தையும் உயர்த்துவதோ தாழ்த்துவதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. கல்விக்கொடை பெற்றவன் தலைநிமிர்ந்து நிற்பதற்கு என்ன வேண்டும் என்பதே நாம் ஆராயும் பொருள்.

தரங்கம்பாடியில் இட்ட வித்து

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டிலேயே பிள்ளைகளுக்கான தருமப் பள்ளிகள் அங்குத் தோன்றின. பெண் குழந்தைகளுக்கும் அப்போதே பள்ளி ஏற்பட்டது. பிள்ளைகளுக்கு உணவும் உடையும் தங்கும் இடமும் மிஷன் செலவிலேயே கிடைத்தன. ஜெர்மனியில் ஹாலே நகரில் பிராங்கே என்னும் அறிஞர் நிறுவிய அனாதைப் பிள்ளைகள் இல்லமே இப்பள்ளிகளுக்கு முன்மாதிரியாயிற்று. தரங்கம்பாடியிலிருந்து சென்ற செய்திகள் ஹாலேயில் 1710 முதல் அச்சாகி ஐரோப்பாவெங்கும் பரவின. அவற்றைப் படித்த மக்கள், தாம் கண்ணாற் கண்டிராத தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பணம் அனுப்பினர். இன்று 'ஒரு குழந்தையைத் தத்தெடுத்துப் படிக்கவையுங்கள்' என்று உலகெங்கும் எழும் வேண்டுகோளின் வேர் இவ்வகை அச்சேடுகளிலே உள்ளது எனலாம்.

ஆயினும், பள்ளிக் கதவு திறந்ததனாலேயே சாதிக் கதவு திறந்துவிடவில்லை. 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் அமரும் வழக்கம் நிலவியது. தஞ்சைப் பகுதியில் பறையர் குலத்தில் தோன்றி, படைவீரராயிருந்து, பின்னர் உபதேசியாராகி அரும்பணி ஆற்றியவர் இராஜநாயக்கன். 1733-இல் குருப்பட்டம் அளிக்கும் வாய்ப்பு வந்தபோது, வேளாளர் குலத்தவராகிய ஆரோன் தெரிவானார். இராஜநாயக்கனுக்கு அப்பட்டம் கிட்டவில்லை. அவர் கையால் நற்கருணை பெறுவதை உயர்சாதியார் ஏற்க மாட்டார் என்னும் அச்சமே காரணம். கல்வியும் தகுதியும் இருந்தும் சாதி குறுக்கே நின்றது. நம் சமுதாயம் இதனை மறத்தலாகாது.

எழும்பூர் மணலும் சட்டாம்பிள்ளையும்

சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் இருந்தது. ஐரோப்பிய வீரருக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளே அதில் மிகுதி. 1789-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், ஒருநாள் நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவன் இளைய மாணவர்க்குப் பாடம் சொல்லும் சட்டாம்பிள்ளை வழக்கமும் நம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்ததே. தம் இல்லத்தில் ஆசிரியர்கள் புதுமுறையை ஏற்க மறுத்தபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சிறு பிள்ளைகளின் வகுப்பை ஒப்படைத்தார். அது வெற்றியளித்தது. 1797-இல் லண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவி, ஆங்கிலேயர் ஆட்சி சென்ற இடமெல்லாம் சென்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குறைந்த செலவில் நிறைந்த பிள்ளைகளைப் படிப்பிக்கும் வழியை உலகத்துக்குக் கொடுத்தது நம் தெருத் திண்ணை. ஆனால், அந்தத் திண்ணையில் ஏறும் உரிமை சேரிப் பிள்ளைக்கு அன்று இருந்ததில்லை. நம் ஊர் முறை பிற நாட்டு ஏழைகளுக்கு எழுத்தறிவித்த காலத்தில் நம் பிள்ளைகள் எழுத்தறியாதிருந்தனர்.

ஐந்து பவுண்டும் ஒரு பெயரும்

1807-இல் ஆங்கில நாடாளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. அதன்பின் ஆங்கிலக் கடற்படை, அடிமைக் கப்பல்களை மறித்து, அவற்றிலிருந்த மக்களை விடுவித்து மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் கொண்டு இறக்கியது. அவர்களுள் பெற்றோரைப் பிரிந்த சிறுவர் மிகப் பலர். சர்ச் மிஷனரி சங்கம் அப்பிள்ளைகளுக்காக லெஸ்டர் மலையில் ஒரு கிறிஸ்தவக் கல்வி நிலையத்தை ஏற்படுத்திற்று. இங்கிலாந்தில் உள்ள ஒருவர் ஆண்டுக்கு 5 பவுண்டு செலுத்தினால் ஓர் ஆப்பிரிக்கப் பிள்ளையின் பராமரிப்பை ஏற்கலாம். அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரையும் இடலாம். ஐந்து பவுண்டில் பிள்ளைக்குச் சோறும் எழுத்தும் கிடைத்தன. தாய் இட்ட பெயர் போயிற்று.

இவ்வாறு சியரா லியோனில் இறங்கிய சிறுவர்களுள் ஒருவர் அஜாயி. யோருபா நாட்டிலுள்ள ஓசோகுன் ஊரில் பிறந்தவர். 1821-இல் பிடிபட்டு, பலமுறை விற்கப்பட்டு, 1822-இல் கடற்படையால் மீட்கப்பட்டார். 1825-இல் ஞானஸ்நானம் பெற்றபோது, லண்டனில் வாழ்ந்த ஒரு குருவின் பெயரால் சாமுவேல் குரௌதர் ஆனார். 1827-இல் தொடங்கிய போரா பே கல்லூரியின் முதல் மாணவர் வரிசையில் இடம்பெற்றார். தம் தாய்மொழியாகிய யோருபாவுக்கு அகராதியும் இலக்கணமும் வகுத்தார். விவிலியத்தை அம்மொழியில் பெயர்க்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1864-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானார். ஆனால், முதுமையில், 1890-ஆம் ஆண்டளவில், இளம் வெள்ளை மிஷனரிகள் அவர்தம் அதிகாரத்தைப் பறித்து அவமதித்தனர். அடுத்த ஆண்டின் இறுதிநாளில் அவர் மறைந்தார். தரங்கம்பாடியில் இராஜநாயக்கனுக்கு நேர்ந்ததையும் நைஜரில் குரௌதருக்கு நேர்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு, ஏழைக்குக் கல்வி கொடுக்க இசைந்த கை, அவனுக்கு அதிகாரம் கொடுக்கத் தயங்கிய உண்மை விளங்கும்.

செங்கற்பட்டுச் சேரிகளில் பள்ளி

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கூலி வேலையன்றி வேறு பிடிப்பில்லாத நம்மவரே முதலில் வீழ்ந்தனர். தாய்தந்தையரை இழந்த பிள்ளைகளை மிஷன்கள் இல்லங்களில் சேர்த்தன. நெல்லைச் சீமையின் நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் பஞ்சத்தில் ஆதரவிழந்த பிள்ளைகளுக்காக 1878-இல் தொடங்கிய தொழிற்பள்ளி, ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் கற்பித்தது. பிள்ளை என்றும் பிறர் கையை எதிர்பார்த்திருத்தலாகாது என்னும் நோக்கம் அதில் இருந்தது.

நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் சேரிதோறும் சென்று பள்ளிகள் வைத்தனர். ஓராசிரியர், ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு கரும்பலகை, இவ்வளவே பள்ளி. பகலில் மாடு மேய்க்கும் பிள்ளை மாலையில் வந்து படிக்கும். மிராசுதாரர்கள் இதனை விரும்பவில்லை. படியாளின் மகன் படித்தால் பண்ணைக்கு ஆள் ஏது? குடியிருக்கும் மனையும் மிராசுதாரருடையதாக இருந்தபடியால், பள்ளிக்கு இடம் தருவதற்கும் சேரியாரால் இயலவில்லை.

1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், பறையர் நிலையைப் பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் நம்மவர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அதுவே பின்னாளில் 'பஞ்சமி நிலம்' என்று வழங்கலாயிற்று. 1893-இல் பஞ்சமர் கல்விக்கென அரசாணையும் வெளிவந்தது. ஆண்ட்ரூ, செங்கற்பட்டை அடுத்த மெல்ரோசாபுரத்தில் நம்மவர்க்கென ஒரு குடியேற்றத்தையே அமைத்தார். நிலமில்லாதவன் பிள்ளையை நெடுநாள் பள்ளியில் வைத்திருக்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நிலமும் பள்ளியும் சேர்ந்தாலன்றிக் கல்வி நிலைக்காது என்பது அக்காலத்து அனுபவம் காட்டும் பாடம்.

இப்பள்ளிகளின் பயன் வீணாகவில்லை. பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம். சி. ராஜா, இராயப்பேட்டை வெஸ்லியன் பள்ளியிலும் பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்று, ஆசிரியராகி, சட்டமன்றத்தில் நம் குரலாக ஒலித்தார். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோவையில் கற்ற நாளில் தம் குலம் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, வகுப்பு மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே காத்திருந்ததைத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். 1893-இல் 'பறையன்' என்னும் பெயரையே தம் இதழுக்குச் சூட்டி அந்த அச்சத்தை வென்றார். பின்னர் அவரும் ஆப்பிரிக்காவுக்குச் சென்றவரே. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிசெய்து, காந்தியடிகளோடு பழகி, 1921-இல் தாயகம் திரும்பினார்.

கொடையும் நிபந்தனையும்

கொடுப்போர் எல்லாரும் ஒரு வகையினர் அல்லர். அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894-இல் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி, பிள்ளைகளை மதம் மாறக் கேட்காமல் கல்வி கொடுத்தது. பண்டிதர் அயோத்திதாசர் அவரோடு நட்புக் கொண்டு, 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும் நாம் அறிந்ததே. கிறிஸ்தவப் பள்ளிகளிலோ மறைபோதனை பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று. மனமுவந்து அச்சமயத்தை ஏற்று, அதில் மானத்தையும் ஆறுதலையும் கண்ட நம்மவர் ஆயிரமாயிரவர். அவர்தம் தேர்வைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. மறுத்தவரும் உண்டு. பின்னாளில் சுவாமி சகஜானந்தர் எனப் போற்றப்பெற்ற முனுசாமி, திண்டிவனத்து மிஷன் பள்ளியில் பயின்றபோது மதம் மாற இசையாமையால் கல்வியைத் துறந்து வெளியேறினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அவரே 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் கொடுத்தார். நிபந்தனையால் நெஞ்சம் புண்பட்டவர், பிறர்க்குத் தாமே கொடையாளரானார்.

அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையும் இதனையே உணர்த்துகிறது. பரோடா மன்னர் 1913-இல் அவருக்கு மாதம் 11.5 பவுண்டு வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை அளித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். திரும்பியதும் பத்தாண்டு பரோடாவில் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை. 1917-இல் அவர் கடமையை நிறைவேற்றச் சென்றார். அந்நகரில் தங்குவதற்கு ஓர் அறை கொடுக்க எவரும் முன்வரவில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்து தடியேந்தியவர்கள் அவரை வெளியேற்றினர். உதவித்தொகை உலகப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது. ஊர்க்கதவைத் திறக்க அதனால் இயலவில்லை. அதனாலன்றோ, ஆட்சிக் குழுவில் இடம்பெற்றதும், ஒடுக்கப்பட்ட மாணவர்க்கு அரசே உதவித்தொகை தருவதற்கு வழிகண்டார்! 1944-இல் தொடங்கிய அத்திட்டத்தினால், கொடையாக இருந்தது உரிமையாயிற்று. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தையும் அவர் நிறுவினார்.

எனினும் அவ்வுரிமை எல்லார்க்கும் ஒத்த அளவில் கிட்டவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களாக உள்ளோரையே அட்டவணைச் சாதியினராகக் கொண்டது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பெற்றனர். கிறிஸ்தவம் தழுவிய நம் உடன்பிறப்புகள் இன்றும் அப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர். ஒரே தெருவில் ஒரே இழிவைச் சுமந்தும், சகோதரர் இருவருள் ஒருவர்க்கு ஒரு சான்றிதழ், மற்றவர்க்கு வேறு சான்றிதழ். மிஷன் விடுதிகளையும் அயல்நாட்டுக் கொடையையும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் நெடுங்காலம் சார்ந்திருக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தாம்பரத்தில் கூடிய உலகம்

1837-இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளியே, வளர்ந்து கிறிஸ்தவக் கல்லூரியாகி, 1937-இல் நம் தாம்பரத்துக்கு வந்தது. அப்பள்ளியின் தொடக்க நாட்களில் பறையர் குலச் சிறுவர்கள் சேர்ந்திருப்பது தெரியவந்ததும், உயர்சாதியார் அவர்களை வெளியேற்றக் கோரினர். ஆண்டர்சன் இசையவில்லை. மாணவர் பலர் விலகினர், பள்ளி மெலிந்தது, ஆயினும் அச்சிறுவர்கள் இருந்தனர். கொடையாளர்க்கு இருக்க வேண்டிய உறுதி இதுவே.

1938 டிசம்பரில் அக்கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 470 பேராளர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தனர். அவர்களுள் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலி. கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர் அவர். தாயின் உழைப்பாலும் மிஷன் பள்ளிகளாலும் கற்று, உதவித்தொகை பெற்று ஆதம்ஸ் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியரானார். மேற்படிப்புக்கு வந்த உதவித்தொகையை, தாயைக் காக்க வேண்டுமென்று மறுத்துவிட்டார். பின்னாளில் 1952-இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவரானார். நிறவெறியை அறவழியில் எதிர்த்தமைக்காக 1960-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கரும் அவரே. நாம் அன்றாடம் பேருந்திலும் மின்தொடரியிலும் கடந்துசெல்லும் அக்கல்லூரி மரநிழலில் அந்தத் தந்தையற்ற பிள்ளை நடந்திருக்கிறார் என்பதை நம் இளைஞர்கள் நினைவில் நிறுத்த வேண்டும். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, மெத்தடிஸ்டு மிஷன் பள்ளிகளில் பயின்ற நெல்சன் மண்டேலாவும் இவ்வழி வந்தவரே.

படமும் கடிதமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கொடை புதுவடிவம் பெற்றது. கொரியப் போரில் அனாதைகளான பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் வேர்ல்டு விஷன், கம்பேஷன் முதலிய நிறுவனங்கள் 1950-களில் 'ஒருவர்க்கு ஒரு குழந்தை' என்னும் முறையை வகுத்தன. பின்னர் அது ஆப்பிரிக்காவெங்கும் பரவியது. ஜெர்மனியின் டியூஸ்பர்க் நகரில் 1959-இல் தோன்றிய கிண்டர்நோத்ஹில்ஃபே நிறுவனமோ, இந்தியாவிலுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுவதற்கென்றே பிறந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் மாணவர் இல்லங்கள் பல அவ்வுதவியால் இயங்கின. பிள்ளையின் நிழற்படம் ஜெர்மனிக்குச் செல்லும். அங்கிருந்து மாதந்தோறும் பணம் வரும். பிள்ளை கிறிஸ்துமஸ் வாழ்த்தும் நன்றிக் கடிதமும் எழுதும்.

இம்முறையால் பயனடைந்த ஆசிரியரும் செவிலியரும் அலுவலரும் தமிழ்நாட்டில் மிகப் பலர். அவர்தம் நன்றியுணர்வு உண்மையானது. ஆயினும், பத்து வயதுப் பிள்ளை, முகமறியாத ஒருவர்க்கு ஆண்டுதோறும் தன் வறுமையை விவரித்து எழுத நேர்வதில் ஒரு வருத்தமும் உண்டு. ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆதரவு, மற்றப் பிள்ளைக்கு இல்லை என்னும் நிலையும் எழுந்தது. இக்குறைகளை உணர்ந்தே நிறுவனங்கள் பலவும் தனிப் பிள்ளையை விடுத்து, குடும்பத்துக்கும் ஊருக்கும் உதவும் வழியை நாடின. தொலைவிலுள்ள கையை மட்டுமே நம்புவதன் இடரையும் காலம் காட்டிற்று. அயல்நாட்டுப் பண ஒழுங்குமுறைகளால் 2017-இல் கம்பேஷன் நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்த உதவி நின்றது. குற்றம் யாருடையதாயினும், இழப்பு பிள்ளைகளுடையது.

பிடி அரிசியின் வலிமை

பெறுவோர் என்றும் பெறுவோராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நெல்லைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அவ்வரிசி சேர்ந்து பணமாகும், பணம் திருப்பணியாகும். 1903-இல் நெல்லையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியபோது, அயல்நாட்டுப் பணத்தை நாடாமல் இந்நாட்டார் பொருளாலும் ஆளாலும் பணிசெய்வதென உறுதிபூண்டனர். அதன் முன்னோடியாகிய வேதநாயகம் அசரியா, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட மக்களிடையே பள்ளிகளை வளர்த்தார். 1912-இல் அவரே ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயருமானார். ஏழைகளின் அடுப்பங்கரையிலிருந்து புறப்பட்ட அரிசி, மற்றோர் ஏழையின் பிள்ளைக்கு எழுத்தறிவித்தது.

இளைஞர்க்கு ஒரு சொல்

இம்முந்நூறு ஆண்டு வரலாறு நமக்கு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, நமக்குக் கல்வி கொடுத்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். அவர் எச்சமயத்தார், எந்நாட்டார் ஆயினும் சரியே. இரண்டாவது, கொடை ஒரு பிள்ளையின் பெயரையோ நம்பிக்கையையோ மானத்தையோ விலையாகக் கேட்டால் அது முழுக்கொடை ஆகாது. மூன்றாவது, அரசின் உதவித்தொகை நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமை. அதனை உரிய காலத்தில் விண்ணப்பித்துப் பெறாமல் விடுவது அவர்தம் உழைப்பை வீணாக்குவதாகும்.

நம் அனகாபுத்தூர் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஊர் நகரமாயிற்று. ஆயினும், தந்தையை இழந்தமையால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளையும், கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாலியை அடகுவைக்கும் தாயும் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. படித்துப் பணியிலமர்ந்த ஒவ்வொருவரும் தம் ஊதியத்தில் ஒரு பிடி அரிசியின் அளவேனும் மாதந்தோறும் நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு ஒதுக்குவாராக. அவ்வாறு உதவும்போது நன்றிக் கடிதம் கேளாதீர். அப்பிள்ளையின் படத்தை மேடையில் காட்டாதீர். சாதி உட்பிரிவும் சமயமும் பாராதீர். அப்பிள்ளை வளர்ந்து மற்றொரு பிள்ளையைப் படிக்கவைக்கும் நாளே நம் கைம்மாறு. சங்கத்தின் பொன்விழா மலரை எழுதப்போவோர், இக்கல்வி நிதியால் உயர்ந்தவர்களாக இருக்கட்டும்.